மீனம்பாக்கத்திலிருந்து பாபத்பூர் வரை

காசி எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் மாதக் கணக்கில் விடை சொன்னார்கள். நம் தந்தையார் காலத்தில் இரவுக் கணக்கு: "ரயிலில் இரண்டு ராத்திரி." இன்று பேரப்பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துவிட்டு, "இரண்டரை மணி நேரம் தாத்தா" என்கிறார்கள். மூன்று விடைகளும் சரிதான். ஆனால் அவை ஒன்றையே அளக்கின்றனவா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்கோடு வாழ்ந்தவன் என்பதால், இந்தத் தூரத்தையும் ஒருமுறை பேரேட்டில் எழுதிப் பார்க்கத் தோன்றியது.

முதலில் நேர்கோட்டுக் கணக்கு. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. காசி நகரத்துக்குரிய விமான நிலையம், ஊருக்கு வடமேற்கே பாபத்பூரில், ஏறத்தாழ 25½ பாகையில் அமைந்துள்ளது. ஓர் அட்சப் பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பன்னிரண்டரைப் பாகைக்கு 1,385 கி.மீ. அளவில் வரும். காசி நமக்கு நேர் வடக்கே இல்லாமல் சற்றே கிழக்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்வையும் சேர்த்தால் 1,410 கி.மீ. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு போதும். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம்.

ரயில் பாதை நேராகப் போவதில்லை. விஜயவாடா, நாகபுரி, இட்டார்சி, ஜபல்பூர் என்று வளைந்து செல்வதால் 2,100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒன்றரை நாளுக்கு மேல் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஆக, விமானம் வேகத்தால் மட்டும் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. எழுநூறு கிலோமீட்டர் வழியையே மிச்சப்படுத்துகிறது.

இனி நேரம். மேலே சீராகப் பறக்கும்போது விமானத்தின் வேகம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1,410-ஐ அதனால் வகுத்தால் ஒன்றே முக்கால் மணிதான் வருகிறது. சீட்டில் அச்சிட்டிருப்பதோ இரண்டரை மணி. மீதி நேரம் எங்கே போயிற்று? நின்ற இடத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகளை எடுக்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டைகளை வைக்கும் கணம் வரை உள்ள நேரமே பயண நேரமாகக் குறிக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறைக்காகக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் நேர்ந்தால் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் சில நாள்களில் தாமதமாகப் புறப்பட்ட விமானம்கூடச் சரியான நேரத்துக்குப் போய் இறங்குகிறது.

இங்கே ஒரு சிறு சுவாரசியம். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் புறப்படும் முனையத்துக்குக் காமராஜர் பெயர்; காசியின் விமான நிலையத்துக்கு லால் பகதூர் சாஸ்திரி பெயர். 1964-இல் நேருவுக்குப் பின் சாஸ்திரி பிரதமராவதற்கு முன்னின்றவர் அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர். "சாஸ்திரி" என்பதும் குலப்பெயரன்று. காசி வித்யாபீடத்தில் படித்துப் பெற்ற பட்டம். காமராஜரிடம் விடைபெற்றுச் சாஸ்திரியிடம் போய் இறங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டால், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் அலுப்புக் கொஞ்சம் குறைகிறது.

எல்லா நாளும் நமக்கு வசதியான வேளையில் நேரடி விமானம் கிடைத்துவிடாது. இடையில் ஓர் ஊரில் இறங்கி மாறுவதாக இருந்தால், எந்த ஊர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐதராபாத் வழியாகப் போனால் மொத்தம் 1,530 கி.மீ. அளவில்தான், நேர்வழியைவிட நூற்றிருபது கிலோமீட்டரே கூடுதல். பெங்களூரு வழியாக 1,730. தில்லி வழியாகப் போனாலோ ஏறத்தாழ 2,430. காசியைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி வருகிற வழி அது. கட்டணம் சில நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஆயிரம் கிலோமீட்டர் சுற்ற வைப்பது சிக்கனமாகாது. சீட்டு வாங்கித் தரும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சென்னைக்கும் காசிக்கும் இடையே வரைபடத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். விமானம் காற்றையும் கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவையும் பொறுத்து அங்குமிங்கும் சற்று விலகலாம். ஆனாலும் கோடு ஏறத்தாழ அதுதான். அது விஜயவாடாவுக்குச் சற்றுக் கிழக்கே கிருஷ்ணையைக் கடக்கிறது. பத்ராசலத்துக்கு அருகே, சபரி நதி வந்து கலக்கும் பகுதியில் கோதாவரியைக் கடக்கிறது. பிறகு பஸ்தர் வனங்கள். இராமபிரான் நடந்த தண்டகாரண்யம் என்று பெரியோர் சொல்லும் பகுதி அது. அதன்பின் ராஜிம் அருகே மகாநதி. இடப்பக்கம் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், நர்மதை பிறக்கும் அமரகண்டகம். அதையும் கடந்தால் சோணை நதி. விந்திய மலைத்தொடரின் கடைசி மேடுகளைத் தாண்டியதும், மிர்சாபூருக்கும் சுனாருக்கும் நடுவே கங்கை.

நீராடும்போது நாவில் வரும் புண்ணிய நதிகளின் பெயர்களில் எத்தனை இந்த ஒரே கோட்டில் வருகின்றன! இராமபிரான் கங்கையைக் கடந்து தெற்கு நோக்கித் தண்டகாரண்யத்துக்கும் கோதாவரிக்கும் வந்தார். நாம் கோதாவரியையும் தண்டகாரண்யத்தையும் கடந்து கங்கைக்குப் போகிறோம். அவருக்குப் பதினான்கு ஆண்டுகள். நமக்கு இரண்டரை மணி. ரயிலில் போனால் கிருஷ்ணைப் பாலத்திலும் கோதாவரிப் பாலத்திலும் நர்மதைப் பாலத்திலும் சன்னல் வழியே காசு போட்டுக் கும்பிடலாம். விமானத்தில் அது முடியாது. கும்பிடுவதற்கு என்ன தடை? பகல் விமானத்தில் இடப்பக்கச் சன்னலோர இருக்கை கிடைத்து, மேகமும் இல்லாமல் இருந்தால், புறப்பட்ட அரைமணியிலிருந்தே கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். கிருஷ்ணை அகன்ற மணல்பட்டையாகத் தெரியும். கோதாவரி காட்டுக்குள் வளைந்து ஓடும். பெரும்பாலோர் இந்த நேரத்தில் உறங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

முன்னோர் பட்ட பாட்டை அறிய, சென்னையிலிருந்தே புறப்பட்ட ஒருவரின் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று வீடு திரும்பினார். உறவினர், பணியாளர் என்று நூறு பேர் அளவில் ஒரு கூட்டமே உடன் சென்றது. ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை வழியாகக் காசி. பிறகு கயை, ஜகந்நாதம் வழியாகத் திரும்புதல். மொத்தம் 15 மாதம், 15 நாள், 15 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மணி நேரம் வரை கணக்கு வைத்தது நீதிமன்ற உத்தியோகத்தின் பழக்கமோ என்னவோ! எனக்கு அவரிடம் தனிப் பற்று உண்டாக அந்த ஒன்றே போதும். தெலுங்கில் அவர் எழுதிய காசி யாத்திரைக் குறிப்புகள் 1838-இல் நூலாக வெளிவந்தன. ஊர் ஊராக விலைவாசி, தண்ணீர், தங்குமிடம், ஆற்றைக் கடக்கும் வகை என்று எல்லாம் அதில் உண்டு.

அக்காலத்தில் காசிக்குப் புறப்படுகிறவர் சொத்துபத்துகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஊராரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது வழக்கம். திரும்பி வருவது அவர் கையில் இல்லை. அந்த யாத்திரையின் நிழல்தான் இன்றும் நம் திருமணங்களில் குடையும் தடியும் விசிறியுமாக மாப்பிள்ளை எடுத்துவைக்கும் பத்தடி.

வானவழிக்கும் இந்தப் புண்ணிய பூமிக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதைப் பலர் அறியார். 1911 பிப்ரவரி 18 அன்று, பிரயாகையில், ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனைக்கு அக்கரையில் உள்ள நைனிக்குப் பறந்தார். பத்துக் கிலோமீட்டர் தூரம், பதின்மூன்று நிமிடம். உலகத்திலேயே அதிகாரபூர்வமான முதல் விமானத் தபால் அதுதான். சக்கரவர்த்திகளின் தலைநகரங்களில் நடக்காமல், திரிவேணி சங்கமத்தின் பக்கத்தில் அது நடந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனிச் சொந்தக் கதை கொஞ்சம். என் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. அத்தான் பணியில் இருந்த காலமெல்லாம், "ஓய்வு பெற்றதும் காசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் அக்காவின் முழங்கால் வலி தடுத்தது. ரயிலில் மேலே ஏற முடியாது, இரண்டு இரவு ஆடிக்கொண்டே போக முடியாது, ஓடும் வண்டியில் கழிப்பறைக்கு நடக்கப் பயம். விமானம் என்றால் வசதி படைத்தவர்களுக்கு என்று இருவருமே நினைத்திருந்தார்கள். அத்தான் போகாமலே போய்ச் சேர்ந்தார். அவருடைய வருஷாப்திகம் முடிந்ததும், "நானாவது போய் அவருக்காக ஒரு முழுக்குப் போடணும், தம்பி" என்றார் அக்கா. அப்போதுதான் நான் இந்தக் கணக்கையெல்லாம் போட ஆரம்பித்தேன்.

அந்தக் கணக்கில் தெரிந்தது இது. விமானச் சீட்டில் இரண்டரை மணி என்றிருந்தாலும், மயிலாப்பூர் வீட்டு வாசலிலிருந்து கங்கைப் படித்துறை வரை எட்டு மணி நேரம் ஆகிறது. மீனம்பாக்கம் போக ஒரு மணி, அங்கே முன்கூட்டி இருக்க வேண்டியது இரண்டு மணி, பறப்பது இரண்டரை, பெட்டி வந்து சேர அரைமணி, பாபத்பூரிலிருந்து நகரத்துக்குள் வர ஒன்றரை மணி, மீதி, சந்துக்குள் நடக்கும் நேரம். 1,410 கிலோமீட்டரை இரண்டரை மணியில் கடந்தவர்களுக்கு, கடைசி இருபத்தைந்து கிலோமீட்டர் ஒன்றரை மணி பிடிக்கிறது. கோதோலியா வந்தபின் பெரிய வண்டிகள் போகா. கடைசி ஒரு கிலோமீட்டர் ரிக்‌ஷாவிலும் காலாலும்தான். முதியவர்களுக்கு யாத்திரையின் கடினமான பகுதி ஆகாயத்தில் இல்லை. அந்தச் சந்திலும் படிகளிலும் இருக்கிறது. உடல் வலிமையை அதற்காகச் சேமித்து வையுங்கள்.

ஆகையால் சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பதிந்துவிட வேண்டும். அக்கா முதலில், "நான் நோயாளியா?" என்று மறுத்தார். "நடக்கிற நடையெல்லாம் விசுவநாதருக்கு, விமான நிலையத்துக்கு எதற்கு?" என்றதும் உட்கார்ந்துவிட்டார். இருதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. விமானத்தினுள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்கு ஒப்பானது. நம் உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்கழி, தை மாதங்களில் காசியில் காலை மூடுபனி கடுமை. ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சில வேளை வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும். அம்மாதங்களில் நண்பகலுக்கு மேல் போய் இறங்கும் விமானமே நல்லது.

பூசைப் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பூரம் தீப்பற்றும் பொருள். விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படியே. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். முழுத் தேங்காயைக் கைப்பையில் வழக்கமாக விடுவதில்லை. 2024-இல் சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காகத் தற்காலிகச் சலுகை தரப்பட்டது. இவையெல்லாம் காசியிலேயே கிடைக்கும், சுமக்க வேண்டியதில்லை. பெற்றோரின் அஸ்தியைக் கொண்டுசெல்வோர் இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். அந்த வேளையில் வாசலில் நின்று விவாதிக்கும் மனநிலை யாருக்கும் இராது.

போய் இறங்கிவிட்டால் மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் கேதார கட்டத்தில் மடம் நிறுவிய ஊர் அது. அனுமன் கட்டத்துத் தெருக்களில் நம் ஊர்ப் பேச்சே காதில் விழும். சிறு வயதில் பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அங்கேதான். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள்கள் "சம்போ, சம்போ" என்ற முழக்கத்தோடு எடுத்துச் செல்லப்படுகின்றன. அந்த ஒலி கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தால், கங்கைப் படித்துறையிலிருந்து சன்னிதிக்கு வரும் வழி முன்னைவிட விசாலமாகிவிட்டது. அக்காவைப் போன்றவர்களுக்கு அது பேருதவி.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை கணக்கும். இரண்டரை மணிப் பயணம் என்றானதும், "வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம்" என்ற வழக்கம் வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு முழுக்கு, ஒரு தரிசனம், மாலை ஆரத்தி, கடையில் பட்டுப்புடவை, ஞாயிறு காலை பெட்டி கட்டல். காசியில் குறைந்தது மூன்று இரவாவது தங்க வேண்டும் என்று பெரியோர் சொன்னது ரயில் இல்லாத காலத்தில். ஒன்றேகால் ஆண்டு செலவழித்துப் போனவர்கள் அங்கே தங்கவும் செய்தார்கள். போகவர ரயிலில் ஆகும் மூன்று நாளை விமானம் நமக்கு மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த மிச்சத்தைக் காசியிலேயே செலவிடுவதுதானே முறை? அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடிவந்து என்ன செய்யப் போகிறோம், நாம் எல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தானே! வட்டியை எடுத்துச் செலவழித்தால் தவறில்லை. வரவாக வந்த முதலையே கண்ணால் பாராமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் ஐந்து இரவு தங்கினோம். முதல் நாள் அக்கா வெளியே எங்கும் போகவில்லை. விடுதி மாடியில் நாற்காலி போட்டுக் கங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறிடங்களில் கிழக்கே ஓடும் கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறாள். இரண்டாம் நாள் விடியலில் நீராடல். சங்கற்பத்தில் மலையையும் நதியையும் சொல்லி நாம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் வழக்கம் உண்டல்லவா? கங்கையின் மேற்குக் கரையில் என்று வாத்தியார் சொன்னபோதுதான், "வந்துவிட்டோமா தம்பி?" என்று கேட்டார் அக்கா. பாபத்பூரில் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் அதைக் கேட்கவில்லை.

காசியோடு யாத்திரை முடிவதில்லை என்பதும் நம் மரபு. சேதுக்கரை மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் நிறைவு. இராமேசுவரத்துக்கும் காசிக்கும் நேர்கோட்டில் 1,820 கி.மீ. அளவில் தூரம். இராமேசுவரத்தில் விமான நிலையம் இல்லை. மதுரையில் இறங்கிச் சாலை வழியே 170 கி.மீ. அளவில் போக வேண்டும். அல்லது சென்னையிலிருந்து ரயிலில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின்மேல் போகலாம். நாங்கள் ரயிலைத் தேர்ந்தோம். ஓர் இரவுதான் என்றதால் அக்காவும் இசைந்தார்.

வாய் அடைத்த செப்புச் சொம்புகள் காசிக் கடைத்தெரு எங்கும் கிடைக்கும். ஈயம் வைத்து அடைத்திருந்தாலும், பாலித்தீன் உறை ஒன்றில் இட்டுத் துண்டு சுற்றி, பதிவு செய்யும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைப்பது உத்தமம். அக்கா இரண்டு சொம்பு வாங்கினார். ஒன்று இராமநாதருக்கு. மற்றொன்று அத்தானின் படத்துக்குக் கீழே, பூசை அலமாரியில் இருக்கிறது.